தரை மிதிக்காத பூட்ஸ்

பச்சமுத்து அண்ணன் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாரா என்பதை வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்றவர்களுடைய செருப்புகள் படிக்கட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அவருடைய நீல வார் வைத்த ரப்பர் செருப்பு மட்டும் ஐந்தடி தள்ளி, தெருவைப் பார்த்தபடி, ஜோடியாக நிற்கும். மரத்தடியிலும் அப்படித்தான். ஐந்தடி தள்ளிச் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு போவார், அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், அதன் பிறகுதான் ஏறுவார்.

இருபத்தெட்டு வருடமாக மரம் ஏறிக் கிளை கழிப்பதுதான் அவர் தொழில். சங்கராபுரத்தைச் சுற்றி எந்த வீட்டு ஓட்டின்மேல் கிளை சாய்ந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓடு ஒன்றுகூட உடையாமல் கிளையைக் கயிற்றில் கட்டி இறக்கிவிடுவார். இத்தனை மரம் ஏறியவருக்குச் சொந்தமாக ஒரு முருங்கை மரம்கூடக் கிடையாது. முருங்கை நடுவதற்கு இடம் வேண்டுமே.

போன வருட ஐப்பசியில் நனைந்த வேப்பமரம் ஒன்றிலிருந்து வழுக்கிப் பன்னிரண்டடி கீழே விழுந்தார். விழுந்த இடத்தில் அவருடைய மனைவி குஞ்சம்மாள் அக்கா அப்போதுதான் அடுக்கி முடித்த தழைக் குவியல் இருந்தது. எலும்பு தப்பியது. "அடுக்கனதெல்லாம் கலைச்சிட்டியேய்யா" என்று அக்கா போட்ட சத்தம்தான் அடியைவிட அதிகமாக வலித்தது என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அன்று முழுக்கச் சோற்றைத் தொடவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஜெயம்மாள்தான் சொன்னார்.

குஞ்சம்மாள் அக்கா ஆறு பெண்கள் கொண்ட செட்டுக்கு மேஸ்திரி. அண்ணன் மேலிருந்து வெட்டிப் போடும் கிளைகளை இழுத்து, கழித்து, கட்டி, வண்டியில் ஏற்றுவது அவர்கள் வேலை. அக்காவின் செட்டில் வேலை செய்வது சுலபம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. யார் எங்கே இரண்டு நிமிடம் உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வரும். மரத்தின்மேல் இருக்கும் அண்ணன் ஒருவருக்குத்தான் அந்தக் குரல் எட்டாது. எட்டினாலும், கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். அவர் அந்தத் தொழிலை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வருடம் புரட்டாசிக் கடைசியில் எங்கள் கான்ட்ராக்டர் அறிவுச்செல்வன் சாருக்குக் கல்வராயன் மலைச் சாலையில் வேலை கிடைத்தது. சாலையோரமாகக் கேபிள் கொண்டுபோகும் ஒரு கம்பெனிக்காக, கம்பிமேல் சாய்ந்திருக்கும் கிளைகளையெல்லாம் கழிக்க வேண்டும். மூன்று மாத வேலை. மூன்றும் மழை மாதம். கம்பெனியிலிருந்து பாதுகாப்பு விதிகள் பதினோரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் வந்தன. அலுவலகத்தில் பதிவேடுகள் எழுதுபவள் நான் என்பதால், அதைப் படித்துச் சொல்லும் வேலையும் என்னிடம் வந்தது.

இடுப்புக் கயிறு, தலைக் கவசம் எதற்கும் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் பக்கத்தில்தான் சிக்கல் வந்தது.

"மரம் ஏர்றவங்க வழுக்காத பூட்ஸ் போட்ருக்கணும் சார். கணுக்காலுக்கு மேல இருக்கணும். எந்த பூட்ஸ்னு அவங்க சொல்லல. எடத்துக்கும் வேலைக்கும் தகுந்த மாதிரி, போடறவங்களே போட்டுப் பாத்து எடுத்துக்கணுமாம்" என்றேன்.

அண்ணன் தன் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "எங்கால்ல இல்லாத புடி பூட்சுல இருக்குதா பாப்பா?"

"போன வருசம் அந்தப் புடி எங்க போயிருந்திச்சாம்?" என்றார் வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்கா.

அண்ணன் காலைக் கீழே வைத்தார்.

"அண்ணே, வெளயாட்டு இல்ல" என்றார் அறிவுச்செல்வன் சார். "திங்கக்கெழம கம்பெனி மேடம் மலைக்கே வந்து பாக்கறாங்க. வெறுங்காலோட ஏறனா ஏர்ற வேலய மிசினு வெச்சிருக்கற ஆளுங்களுக்குக் குடுத்துடுவாங்க. நான் இன்னா பண்ண முடியும்? உங்கள உட்டுட மாட்டேன். கீழ கெள இழுக்கற வேல தரேன்."

"யாரு செட்டுல?"

சார் வாசல்படியைப் பார்த்தார்.

"எனுக்கு ஒரு ஆள் கம்மியாத்தான் இருக்குது" என்றார் அக்கா, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டே. "ஆனா ஒண்ணு. என் செட்டுல பீடி கெடையாது. சாஞ்சிக்கினு நிக்கறது கெடையாது. காலைல ஏழு மணின்னா ஏழு மணி."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "இந்த பூட்சு எங்க கெடைக்கும்?"

பூட்ஸின் உள்ளே தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதால் என்னையும் கூடப் போகச் சொன்னார் சார். சனிக்கிழமை காலை சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். அண்ணன் தோளில் ஈரச் சாக்கு ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

உள்ளே ஒரு கட்டை இருந்தது. இரண்டரை அடி நீளம், தொடைப் பருமன். மேல் முழுக்கப் பச்சைப் பாசி, தொட்டால் கைக்கு நிற்காத அளவுக்கு வழவழவென்றிருந்தது. வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வியாழக்கிழமை மலைக்குப் போனபோது, ஒடிந்து கிடந்த கிளையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தாராம். இரண்டு நாளாகத் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் நிழலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துப் பாசியைக் காப்பாற்றியிருக்கிறார்.

"மலை மரம் பாப்பா. மழன்னா இப்டித்தான் கெடக்கும். இது மேல நிக்கற பூட்சுதான் பூட்சு" என்றார்.

இடத்துக்குத் தகுந்த மாதிரி எடுக்க வேண்டும் என்று விதியிலேயே இருந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். "இன்னா சாக்குல?"

"மரம்."

"மரக் கன்னா?"

"வெட்டன மரம்."

"எங்க எடுத்துக்கினு போற?"

"பூட்சு கடைக்கு."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அண்ணன் இடுப்பிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, சாக்கின் வாயைத் திறந்து, உள்ளே இரண்டு கை தெளித்தார்.

"வெட்டன மரத்துக்கு இன்னாத்துக்கு தண்ணி?"

"காஞ்சா வழுக்காது."

"வழுக்கணுமா?"

"நல்லா வழுக்கணும்."

கண்டக்டர் பையைத் திறந்தார். லக்கேஜ் டிக்கெட் ஒன்றைக் கிழித்துச் சாக்கின் முடிச்சிலேயே செருகிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். கள்ளக்குறிச்சி வரும்வரை அவர் பின்பக்கம் வரவே இல்லை.

தீனதயாளன் என்பவருடைய கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. தலைக் கவசம், கையுறை, மழைக் கோட்டு, பூட்ஸ் என்று வேலைக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அண்ணன் வாசலுக்கு ஐந்தடி முன்னாலேயே தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, தெருவைப் பார்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"அண்ணே, இது பூட்ஸ் கடைண்ணே. செருப்போடவே வரலாம்" என்றார் தீனதயாளன்.

"சாமி படம் மாட்டியிருக்குதுங்களே."

அவர் காலை அளவுப் பலகையில் வைத்ததும் தீனதயாளன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மரத்தைப் பிடித்துப் பிடித்து அண்ணனின் விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். கட்டைவிரல் தனிக்குடித்தனம் போன மாதிரி எட்ட நிற்கும். "நீளம் எட்டு. அகலத்துக்கு எங்கிட்ட நம்பரே இல்லயே" என்றார் தீனதயாளன். பிறகு முட்டிவரை வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்தார். "மழைக்கு இதுதான். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது."

அண்ணன் சாக்கை அவிழ்த்துக் கட்டையைக் கடை நடுவில் வைத்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"நீங்க தரய்ல நடந்து காட்டுவீங்க. எனுக்கு வேல தரய்ல இல்லீங்க."

ரப்பர் பூட்ஸ் பாசியில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அதோடு, காலைத் தூக்கினால் கால் மட்டும் மேலே வந்தது. பூட்ஸ் கட்டையிலேயே நின்றது. அடுத்தது முனையில் இரும்பு வைத்தது.

"கல்லு வுழுந்தாக்கூட வெரலுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே."

"கல்லு எம்மேல வுழறதில்லீங்க. நாந்தான் கல்லு மேல வுழுவேன்."

மூன்றாவது பூட்ஸின் அடிப்பாகம் வழவழப்பாக இருந்தது. பெட்டியில் இருந்த தாளை வாங்கிப் படித்தேன். சோப்புத் தண்ணீர் ஊற்றிய டைல்ஸிலும் எண்ணெய் ஊற்றிய இரும்புத் தகட்டிலும் நிற்க வைத்துச் சோதித்ததாகப் போட்டிருந்தது.

"டைல்சு ஒட்டன மரம் எங்க ஊர்ல இல்ல பாப்பா" என்றார் அண்ணன்.

தீனதயாளனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பூட்ஸ் மேல தப்பே இல்லண்ணே. உங்களுக்கு பூட்ஸ் போட்டுப் பழக்கம் இல்ல, அதான். இப்ப பாருங்க." அதே மாதிரி ஒன்றைத் தானே மாட்டிக்கொண்டு கட்டையின்மேல் ஏறினார். கட்டை ஒரு பக்கம் உருண்டது, அவர் ஒரு பக்கம் போனார். பிடிக்க எட்டியது மழைக் கோட்டுகள் தொங்கிய கம்பிதான். மஞ்சள் கோட்டுகள் பதினைந்தும் அவர்மேல் விழுந்தன. பிறகு உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"இது வேணாம்ணே."

அதற்கப்புறம் கடைக்காரர், வாடிக்கையாளர் என்ற வித்தியாசம் அங்கே இல்லை. தீனதயாளனே பரண்மேல் ஏறி, தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கினார். பழுப்பு நிறம், கணுக்காலுக்கு மேலே கயிறு போட்டு இறுக்குவது. அடியில் விரல் நுழையும் ஆழத்துக்குப் பல் பல்லாக ரப்பர். குதிகாலில் தனியாக ஒரு படி வெட்டியிருந்தது. அகலத்துக்காக ஒரு நம்பர் பெரிதாக எடுத்து, தடிமனான சாக்ஸ் இரண்டைப் போட்டார்கள். உருளாமல் இரண்டு பக்கமும் பெட்டியை முட்டுக் கொடுத்த பிறகு அண்ணன் கட்டையில் ஏறினார். நின்றார். ஒற்றைக் காலில் நின்றார். கிளை அறுப்பது போல் வலது பக்கம் சாய்ந்து கையை முன்னும் பின்னும் இழுத்தார். பூட்ஸ் அசையவில்லை.

"தண்ணி ஊத்துங்க" என்றார்.

தீனதயாளன் ஊற்றினார். பிறகு, யாரும் கேட்காமலே, "இருங்க, ஷாம்பு இருக்குது" என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். இதற்குள் கடை வாசலில் எட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஷாம்புவிலும் அண்ணன் நின்றதும் அவர்களில் ஒருவர் கை தட்டினார்.

பூட்ஸின் நாக்குக்குப் பின்னால் தர முத்திரை இருந்தது. நான் குறித்துக்கொண்டேன். கயிற்றை அண்ணன் தன் வழக்கப்படி கிளை கட்டும் முடிச்சாகப் போட்டிருந்ததால் அதை அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆனது. கிளம்பும்போது தீனதயாளன் கட்டையைக் காட்டி, "இத வுட்டுட்டுப் போங்களேன். வர்றவங்கள நிக்க வெச்சிப் பாக்கலாம்" என்றார். அண்ணன் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். "ரெண்டு வேள தண்ணி தெளிங்க" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை வெள்ளிமலைக்குப் போகும் வழியில் தூறலோடு ஜீப்பை விட்டு இறங்கினோம். சாலைக்கு மேலே சரிவில் ஒரு நாவல் மரம், கிளையைக் கம்பிமேல் நீட்டிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து நுனிவரை பாசி. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி விஜயலட்சுமி மேடம் எங்களுக்கு முன்பே வந்து, குடையும் படிவமுமாக நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். குனிந்து அண்ணனின் பூட்ஸைப் பார்த்தார், அடியைத் தூக்கிக் காட்டச் சொன்னார், பற்களை விரலால் அழுத்தினார்.

"நல்ல பூட்ஸ். யார் எடுத்தது?"

"நாந்தாங்க" என்றார் அண்ணன். நிமிர்ந்து நின்றதில் அவர் இரண்டங்குலம் உயர்ந்த மாதிரி இருந்தது. அதில் பாதிதான் பூட்ஸ்.

அறிவுச்செல்வன் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் மரத்தை நோக்கி நடந்தார். ஐந்தடி இருக்கும்போது ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றில் கை வைத்தார். இறுக்கிக் கட்டுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. இடது பூட்ஸ் கழன்றது. வலது கழன்றது. சாக்ஸை மடித்து உள்ளே செருகி, இரண்டையும் ஜோடியாக, சாலையைப் பார்க்க வைத்தார். வெறுங்காலோடு போய் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணே!" என்று அலறினார் சார். "இன்னா பண்றீங்க?"

"ஏறப் போறேன்."

"பூட்சு?"

"தோ இருக்குதே."

"அது உங்க கால்ல இருக்கணும்ணே!"

"மரத்துலயா?" அண்ணன் உண்மையாகவே திடுக்கிட்டுப் போனார். "செருப்புக் காலோட எவனாச்சும் மரத்த மிதிப்பானா?"

எனக்குப் பேச வேண்டியிருந்தது. "கடையில கட்ட மேல நின்னு பாத்தீங்களேண்ணே?"

"அது வெட்டன கட்ட பாப்பா. உசுரு போயாச்சி. வெட்டிப் போட்ட கெள மேல நடக்கறப்ப வழுக்கும் இல்ல, அதுக்குத்தான் பாத்துப் பாத்து எடுத்தேன். இது நிக்கற மரம்."

இருபத்தெட்டு வருட வழக்கத்தை ஏழாம் பக்கத்து விதியில் எங்கே பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஏமாற்றவில்லை. பூட்ஸோடு ஏறச் சொல்வார்கள் என்று அவர் ஒரு நொடிகூட நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

விஜயலட்சுமி மேடம் பேனா மூடியைத் திறந்தார். "சார், வெறுங்காலோட ஏற விட மாட்டேன். பத்து நிமிஷம் பாக்கறேன். அப்புறம் வேற ஏற்பாடு பண்ணிக்கச் சொல்லி எழுதிடுவேன்."

தூறல் மழையானது. சார் கெஞ்சிப் பார்த்தார். "எழுதிக்கட்டும். மரத்த மிதிச்சிட்டு நான் எப்டி அதுமேலயே ஒக்காருவேன்? இதுநாள் வரிக்கும் எந்த மரமும் எனுக்குக் கெட்டது பண்ணதில்ல" என்றார் அண்ணன்.

கிளை இழுக்கத் தயாராக முந்தானையை இடுப்பில் செருகி நின்ற அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "பன்னண்டு அடி?"

"அது நனைஞ்ச மரம். அது மேல இன்னா தப்பு?"

"அன்னிக்கும் வெறுங்காலோடத்தான ஏறன? தொட்டுக் கும்புட்டுத்தான ஏறன? வழுக்கனப்ப மரம் உன்னப் புடிச்சிதாய்யா? என் தழதான புடிச்சிது?"

அக்காவின் குரல் கடைசி வார்த்தையில் கொஞ்சம் பிசிறியது. அவர் உடனே திரும்பி ஜீப்புக்குப் போய்விட்டார். வரும்போது கையில் அரிவாள் இருந்தது.

"இது இன்னா?" என்று அதை அண்ணனிடம் நீட்டினார்.

"அருவா."

"இத வெச்சி மரத்த வெட்டறியே, அது மட்டும் கோச்சிக்காதா?"

"அது ஆயுதம். வருசா வருசம் பூச போடறோம். அது வேற, செருப்பு வேற."

"அப்ப இதுக்கும் பூச போடு. ஆயுதமா ஆயிடும்."

அண்ணன் பூட்ஸைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். மழை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"போன வாரம் ஆயுத பூசைக்கி ஆபீசுல கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வெச்சோமே பாப்பா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"ஸ்டேப்ளருக்கும் வெச்சோம்" என்றேன்.

அதுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன். ஸ்டேப்ளரே ஆயுதம் என்றால் அந்தப் பூட்ஸ் எவ்வளவோ மேல். "செரி, கழுவு" என்றார்.

பாறையிலிருந்து வடிந்த மழைத் தண்ணீரில் அக்கா பூட்ஸைக் கழுவினார். கருவிப் பையில் ஆயுத பூஜைக்கு வாங்கிய குங்குமமும் சூடமும் மிச்சம் இருந்தன. இரண்டு பூட்ஸின் முனையிலும் பொட்டு வைத்தார். சூடம் மழையில் பற்றவில்லை. இரண்டு தீக்குச்சி வீணாகிவிட, மூன்றாவதற்கு விஜயலட்சுமி மேடம் முன்னால் வந்து குடையைப் பிடித்தார். சூடம் எரிந்தது. நசுக்க எலுமிச்சம்பழம் இல்லையே என்று சார் கவலைப்பட்டார். என் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் இருந்தது. அது சேராது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

மரத்தடியில் சாக்கு விரித்து, அதன்மேல் உட்கார்ந்து அண்ணன் பூட்ஸை மாட்டிக்கொண்டார். எழுந்து மரத்தின் காதருகே பேசுவது போல் ஏதோ முணுமுணுத்தார். இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறினார்.

பாதி உயரத்தில் அவருடைய இடது கால் ஒரு சாண் வழுக்கியது. கீழே அக்கா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பூட்ஸின் பல் ஒரு மரக்கணுவில் மாட்டி நின்றது. அண்ணன் காலைக் குனிந்து பார்த்தார், இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார், அப்புறம் மேலே போய்விட்டார். அக்கா மறுபடி மெல்லத் தொடங்கினார். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஆறு பெண்களையும் அப்போதுதான் கவனித்தார். "இன்னா வேடிக்க? தேரா ஓடுது?"

கிளை கயிற்றில் இறங்கியபோது கம்பியில் ஒரு இலைகூடப் படவில்லை. மேடம் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஏறும் வேலை அண்ணனுக்கே என்று முடிவானது. சார் பெருமூச்சு விட்டார்.

அண்ணன் இறங்கி வந்து, தரைக்கு இரண்டடி மேலே இருந்த கவட்டையில் உட்கார்ந்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"மறுபடியும் இன்னாண்ணே?" என்றார் சார், அழுதுவிடுவது போல.

"ஆயுதத்த மிதிச்சிக்கினு தரய்ல நடப்பாங்களா? நீ அருவா மேல நடப்பியா?"

ஆயுதமாக்கியது நாங்கள்தான். அண்ணன் இரண்டு கயிற்றையும் முடிந்து பூட்ஸைக் கழுத்தில் மாலையாக மாட்டிக்கொண்டு, ஈரச் செம்மண்ணில் வெறுங்காலை வைத்தார். ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாவது அடி அவராக வைத்ததல்ல. சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு வந்து, மேடத்தைத் தாண்டி, ஜீப்பின் பின்சக்கரத்தில் போய் நின்றார். வரும் வழி முழுக்க இரண்டு கையாலும் பூட்ஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அதன்மேல் ஒரு பொட்டுச் சேறு படவில்லை. குங்குமம்கூடக் கலையவில்லை.

கணுக்கால் பிசகியிருந்தது. அக்கா ஓடிவந்து காலைத் தொட்டுப் பார்த்து, எலும்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் திட்டத் தொடங்கினார். மேடம் என்னிடம், "விபத்துப் பதிவேட்டை எடுங்க" என்றார். எடுத்தேன்.

"விழுந்த உயரம்னு ஒரு கட்டம் இருக்குது மேடம்."

மேடம் மரத்தைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "பூஜ்யம்."

"பாதுகாப்புக் காலணி இருந்ததா?" என்று அடுத்த கட்டத்தைப் படித்தேன்.

"இருந்தது."

"எங்கன்னு எழுதணுமா மேடம்?"

முதல் தடவையாக மேடம் சிரித்தார். சிரிப்பை முடித்துக்கொண்டு, மூன்று நாள் ஓய்வு, அதற்குள் தரைக்கு என்று தனியாக ஒரு ஜோடி, இரண்டும் இருந்தால்தான் மறுபடி ஏறலாம் என்று எழுதச் சொன்னார்.

அந்த மூன்று நாளும் அண்ணனை வீட்டில் தனியாக விட அக்காவுக்கு மனமில்லை. மலைக்கே கூட்டிவந்து, தார்ப்பாய்க்கு அடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்து, சுள்ளிக் கட்டும் வேலை கொடுத்தார். மற்ற நேரம் யோவ் என்று கூப்பிடுபவர், அண்ணன் தன் செட்டில் சேர்ந்ததும் மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"இன்னாங்க, இந்தக் கட்டு லூசா இருக்குதுங்க. அவுத்துட்டு வேற கட்டுங்க."

அண்ணன் அவிழ்த்துக் கட்டினார். பீடியை அவர் கேட்கவே இல்லை.

நான்காம் நாள் காலை சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு அவர் லேசாக நொண்டிக்கொண்டே வந்தார். கையில் ஒரு வாளி, அதன் வாயில் ஈரச் சாக்கு கட்டியிருந்தது. உள்ளே இருந்த செம்மண் சேற்றை, அவர் வழுக்கி விழுந்த சரிவிலிருந்தே தோண்டி எடுத்திருக்கிறார். அதே பஸ், அதே கண்டக்டர். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னிக்கும் மரமா?"

"இல்ல" என்றார் அண்ணன். "தரை."

கண்டக்டர் தலையை ஆட்டிக்கொண்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார்.

கள்ளக்குறிச்சியில் தீனதயாளன் கடை வாசலில் எங்கள் கட்டை இருந்தது. பாசி நல்ல பச்சையாக, ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை: 'ஏறி நின்று பார்த்து வாங்கவும்'. அண்ணன் ஐந்தடி தள்ளிச் செருப்பை விட்டுவிட்டு வாளியோடு படியேறினார். தீனதயாளன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். வாளியைப் பார்த்தார், அண்ணனின் நொண்டலைப் பார்த்தார். மழைக் கோட்டுகள் தொங்கிய கம்பியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு வந்து, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டார்.

"கொட்டுங்கண்ணே" என்றார்.